ஆடியில் இடித்த சமையலறை

ஆடி மாதத்தில் வீட்டு வேலையை ஆரம்பித்தால் பாதி செலவில் முடித்துவிடலாம் என்று நான் மனதார நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை. இவ்வளவு எளிய விஷயம் இந்தச் சென்னையில் என் ஒருவனுக்குத்தான் தோன்றியிருக்கிறது என்றும் நினைத்துக்கொண்டேன். ஆடியில் யாரும் நல்ல காரியம் தொடங்குவதில்லை. கிரகப்பிரவேசம் கிடையாது, புது அடுப்பில் பால் காய்ச்சுவது கிடையாது. அப்படியென்றால் கொத்தனார்கள் எல்லாம் வேலையில்லாமல் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கடைக்காரர்களோ ஆடித் தள்ளுபடி என்று வாசலில் பலூன் கட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். கூலியும் குறைவு, பொருளும் குறைவு. இரண்டையும் கூட்டினால் என்ன லாபம் வரும் என்று கணக்குப் போட்டு, ஆனி கடைசியில் ஒரு வாரம் முழுக்கத் தனியாகச் சிரித்துக்கொண்டு திரிந்தேன்.

என் பிழைப்பு அப்படி. மறைமலை நகரில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில், கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். ஒரு போல்ட்டுக்கு ஐந்து பைசா குறைப்பதற்காக, எதிரில் இருப்பவருக்கு இரண்டு தடவை டீ வாங்கிக் கொடுத்துப் பேசுகிறவன். அந்த டீ செலவை ஆபீசில் யாரும் கேட்டதில்லை. வீட்டில் கேட்பார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

எங்கள் வீடு பீர்க்கன்கரணையில், ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி. சமையலறையை மாற்ற வேண்டும் என்று யாரும் ஆசைப்பட்டு முடிவெடுக்கவில்லை. அதுவாகவே கழன்று விழ ஆரம்பித்திருந்தது. சிங்க்கிலிருந்து தண்ணீர் கசிந்து சுவர் ஊறிப்போய், கடப்பா கல் மேடைக்குக் கீழே இருந்த பிளைவுட் அலமாரியைக் கரையான் குடும்பத்தோடு வந்து தின்றுகொண்டிருந்தது. ஒரு நாள் கல்லூரியிலிருந்து வந்த மகள் குக்கரை எடுக்க அலமாரிக் கதவைத் திறந்தாள். கதவு கையோடு வந்துவிட்டது. அதை அப்படியே தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்து என் மடியில் வைத்து, "அப்பா, டெலிவரி," என்றாள்.

பணம் இருந்தது. என் போனஸும், என் மனைவி பல வருடமாக மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்ததும் ஒரே கணக்கில் கிடந்தன. மொத்தம் நாலு லட்சம். இதில் அவள் பங்குதான் அதிகம் என்பதை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அதனாலேயே எனக்கு அது எப்போதும் ஞாபகத்தில் இருக்கும்.

"மூணரை கிச்சனுக்கு," என்றாள். "அம்பது எனக்கு."

"உனக்குன்னா?"

"சிக்கிம்."

அவளுடைய தோழிகள் இருவர், சேலையூரில் ஒரு பள்ளியில் டீச்சர்கள். காலாண்டு விடுமுறையில் சிக்கிம் போகிறார்கள், இவளையும் கூப்பிட்டிருக்கிறார்கள். பனியைத் தொட்டுப் பார்க்க வேண்டுமாம். என் மனைவி அதுவரை பார்த்த ஒரே குளிர்ப் பிரதேசம் கொடைக்கானல். கல்யாணமான புதிதில் போனோம். அங்கேயும் ரூம் வாடகை அதிகம் என்று சொல்லி மறுநாள் காலையிலேயே பஸ் ஏற்றிக் கீழே இறக்கிவிட்டேன். அந்த விஷயம் எங்கள் வீட்டில் எப்போது பேச்சில் வந்தாலும் நான் எழுந்து போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவேன்.

"ஆடி முடியறதுக்குள்ள பணம் கட்டணும். ஃப்ளைட் டிக்கெட் போடறாங்க," என்றாள். "மூணரைக்கு மேல எது போனாலும் என் அம்பதுல இருந்துதான் போகும். அது புரியுதுல்ல?"

"நான் பர்ச்சேஸ்ல இருக்கேன்மா."

"அதனாலதான் கேக்கறேன்."

ஆவணியில் ஆரம்பிக்கலாமே என்றும் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தாள். நான் அவளுக்குத் தேவையும் அளிப்பும் பற்றி விளக்கினேன். கணக்கு டீச்சருக்கு விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, உங்க இஷ்டம்," என்றாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த மூன்று சொற்களுக்கு அர்த்தம் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். நான் அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பைத் தாண்டி, வேளச்சேரி போகிற ரோட்டில் ஒரு பெரிய டைல்ஸ் கடை. உள்ளே ஏசி, உட்கார்ந்ததும் பாதாம் பால். பாதாம் பால் கொடுக்கிற கடையில் விலை பேசக்கூடாது என்பது என் தொழில் அனுபவம். ஆனால் குடித்துவிட்டேன்.

"சாருக்கு எத்தனை பாக்ஸ்?" என்றார் விற்பனையாளர். கழுத்துப்பட்டை கட்டிய, சோர்வே இல்லாத மனிதர்.

"எட்டு."

"பன்னெண்டு எடுத்தா ரெண்டு ஃப்ரீ சார்."

"எனக்கு எட்டுதான் வேணும்."

"சார், எட்டு எடுத்தா எட்டு பாக்ஸுக்கு முழு ரேட். பன்னெண்டு எடுத்தா பதினாலு பாக்ஸ் கிடைக்குது, ரேட்டும் குறையுது. இது ஆடி வரைக்கும்தான். அப்புறம் நீங்களே வந்து கேட்டாலும் நான் குடுக்க முடியாது சார்."

நானே வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டார் என்றதும் எனக்குப் பதறிவிட்டது. எட்டு பெட்டி தேவைப்பட்ட சமையலறைக்குப் பதினான்கு பெட்டி வாங்கினேன். பிறகு சிங்க்கைப் பார்த்தோம். ஒரு தொட்டிக்குப் போனேன், இரண்டு தொட்டியோடு வந்தேன். அதற்கு ஏற்றாற்போல், கழுத்தை வளைத்து எட்டிப் பார்க்கிற குழாய் ஒன்று. விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று பில்லின் கீழே பொடி எழுத்தில் இருந்தது. நாங்களும் எங்கள் கம்பெனியில் அதை அந்த அளவில்தான் அச்சடிப்போம்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் கணக்கு ஏற்றினேன். செலவுக்கு ஒரு பத்தி. பக்கத்தில் நானாகவே இன்னொரு பத்தி போட்டு அதற்கு 'மிச்சம்' என்று பெயர் வைத்தேன். அசல் விலை இவ்வளவு, தள்ளுபடி விலை இவ்வளவு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மிச்சம். வாங்க வாங்க மிச்சம் ஏறிக்கொண்டே போனது. முப்பத்தெட்டாயிரத்தைத் தொட்டதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

இந்த நிறைந்த நெஞ்சோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாவலூரில் என் பழைய நண்பன் வீட்டுக்குப் போனேன். அடுக்குமாடியில் பதினோராவது மாடி. அவன் சமையலறையில் கல் மேடை ஹால் பக்கமாக நீண்டு வந்து நின்றது, அதற்கு முன்னால் இரண்டு உயர்ந்த ஸ்டூல். பிரேக்ஃபாஸ்ட் கவுண்டராம். அதில் ஏறி உட்கார்ந்து ஒரு தோசை சாப்பிட்டேன். கால் தரையைத் தொடாமல் ஆடிக்கொண்டிருந்தது. ஐம்பது வயதில் ஒருவனுக்கு இப்படியொரு சுகம் கிடைப்பது சாதாரணமில்லை.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். "நம்ம வீட்லயும் ஒண்ணு போட்டுடலாம். மிச்சம்தான் இருக்கே, முப்பத்தெட்டாயிரம்."

மனைவி டியூஷன் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். "எங்க இருக்கு?"

"ஷீட்ல."

"எடுத்துக் குடுங்க. சிக்கிமுக்கு ஸ்வெட்டர் வாங்கணும்."

அது அப்படி எடுத்துக் கொடுக்கிற மிச்சம் இல்லை, போகாமல் தடுத்த பணம் என்று விளக்கினேன்.

"எடுக்க முடியாதுன்னா, அத வெச்சு கவுண்டர் மட்டும் எப்படிங்க கட்டுவீங்க?"

மகள் உள்ளேயிருந்து, "அப்பா, கவுண்டரையும் ஷீட்லயே கட்டிடுங்க," என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததற்குக் காரணம், இரண்டு பேரும் தப்பாகப் பேசவில்லை என்பதுதான். ஷீட்டில் கவுண்டருக்கென்று போட்டிருந்த வரியை அழிக்காமல் விட்டுவைத்தேன்.

கொத்தனார் திண்டிவனத்துக்கு அப்பால் ஒரு கிராமத்துக்காரர். பெருங்களத்தூரில் ரூம் எடுத்து நாலு பேரோடு தங்கியிருந்தார். ஆடி பிறந்து மூன்றாவது நாளோ நாலாவது நாளோ வந்து, மேடையை, அலமாரியை, பழைய டைல்ஸை, சிங்க்கை எல்லாவற்றையும் பொழுது சாய்வதற்குள் இடித்துத் தள்ளினார். இடிப்பதில் அப்படியொரு வேகம். மொத்தக் கூலியில் ஆயிரம் குறைத்துக்கொள்வதாகச் சொன்னதால் பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்திருந்தேன். அந்த ஆயிரமும் மிச்சப் பத்தியில் ஏறியிருந்தது.

கோவளம் பக்கத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற அம்மா ஒருவர் உண்டு. கேட்டுக்கு வெளியே குவிந்திருந்த செங்கல் குப்பையைப் பார்த்துவிட்டுக் கூடையோடு நின்றார்.

"இன்னா சார், ஆடி மாசத்துல அடுப்பங்கரைய இட்சி போட்டுகினு கீற? உனுக்கு வேற மாசமே கெடைக்கலியா?"

"தள்ளுபடிம்மா."

"எங்கிட்ட கூட தள்ளுபடி கீது. வஞ்சரம் எடுத்துக்க."

"எதுல வெச்சு சமைக்கறது?"

"அத்தத்தான் சார் நானும் கேக்குறேன்."

மறுநாள் கொத்தனார் ஊரில் அம்மன் கோயில் கொடியேற்றம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரே நாள்தான், சாமியைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறேன் என்றார். நான் தாராளமாக, "நல்லா கும்பிட்டுட்டு வாங்க," என்று அனுப்பிவைத்தேன்.

அவர் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. போனில் கூப்பிட்டபோது பின்னால் மேளச் சத்தம்.

"சார், காப்பு கட்டிட்டாங்க சார்."

"யாருக்கு?"

"எனக்குத்தான் சார். தீமிதி. எங்க வூட்ல அண்ணன்தான் மிதிக்கறது. அவருக்குக் கால்ல புண்ணு. அதனால பெரியவங்க என் கையில கட்டிட்டாங்க. இனிமே திருவிழா முடிஞ்சு காப்பு அவுக்கற வரைக்கும் ஊரவுட்டுத் தாண்டக்கூடாது சார்."

நான் கொள்முதல் பிரிவில் கற்ற வித்தை எல்லாவற்றையும் இறக்கினேன். "ராத்திரி வெளியூர்ல தங்கக்கூடாது, அவ்வளவுதானே? காலைல ரயில்ல வாங்க, சாயங்காலம் போயிடுங்க. டிக்கெட் நான் எடுத்துத் தரேன்."

"எல்லைய தாண்டக்கூடாது சார்."

"சரி, அண்ணன் புண்ணு ஆறிடுச்சுன்னா மாத்திக் கட்டிக்க முடியாதா?"

மேளச் சத்தம் குறைந்தது, ஓரமாக நகர்ந்து வந்திருப்பார் போல. பிறகு அவர் ரொம்ப அன்பாக, "சார், சாமிகிட்ட பேரம் பேசாதீங்க சார். நான் உங்க வூட்டுக்கும் சேர்த்து வேண்டிக்கறேன்," என்றார்.

போனை வைத்தபிறகுதான் எனக்கு விளங்கியது. ஆடியில் கொத்தனார்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பதில்லை. அவரவர் ஊர் அம்மனுக்கு வேலை செய்யப் போய்விடுகிறார்கள். இந்த ஊரில் இத்தனை பேர் ஆடியைத் தவிர்ப்பதற்குச் சாஸ்திரம் தவிர வேறு காரணமும் இருக்கலாம் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

அப்புறம் ஆரம்பித்தது பீதி. பீதி என்றால் கத்துவது, ஓடுவது இல்லை. ஷீட்டைத் திறந்து பார்ப்பது, மூடுவது, பல் தேய்த்துவிட்டு வந்து மறுபடி திறப்பது. அதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. டைல்ஸ், கல், சிமெண்ட், குழாய், தச்சு வேலை, குப்பை அள்ளுகிற வண்டி வரைக்கும் எஸ்டிமேட் போட்டிருந்த நான், சமையலறை இல்லாத நாட்களிலும் நாங்கள் சாப்பிடுவோம் என்பதைச் சேர்க்கவில்லை. முதல் நாள் பரோட்டா பார்சல் வந்தபோது வீட்டில் ஒரு திருவிழா களை இருந்தது. இட்லி பார்சல், சாம்பார் சாதம் பார்சல் என்று போகப்போக அந்தக் களை குறைந்து, எனக்குச் சட்னிப் பொட்டலத்தைப் பார்த்தாலே பத்து ரூபாய் நாணயமாகத் தெரிய ஆரம்பித்தது. ஒரு காலை மகள் இரண்டாவது வடைக்குக் கை நீட்டியபோது, நான் என்னை அறியாமல் ஒரு சத்தம் போட்டிருக்கிறேன். அவள் வடையை வைத்துவிட்டு, "அம்மா, அப்பா உறுமறாரு," என்றாள்.

வேறு கொத்தனார் பார்ப்பது என்று முடிவெடுத்தேன். காலையில் ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் டீக்கடை பக்கம் வேலைக்குக் கூப்பிடக் காத்திருக்கிறவர்கள் நிற்பார்கள். அன்று பாதிப் பேர் இல்லை. இருந்தவர்களில் ஒருவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அவர் இடித்த சமையலறையின் நடுவில் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, சுவரை இரண்டு தட்டுத் தட்டிப் பெருமூச்சு விட்டார்.

"யார் சார் இத்த உட்சது?"

"ஏன்?"

"லெவலே இல்லாம உட்சுகீறான் சார்."

"உடைக்கறதுக்கு எதுக்குங்க லெவல்?"

அவர் பதிலுக்கு ஒரு தொகையைச் சொன்னார். முதல் கொத்தனாரிடம் மாட்டியிருந்த முன்பணத்தையும், ஓட்டல் செலவையும், இவர் சொன்னதையும் கூட்டிப் பார்த்தேன். ஷீட்டின் மொத்தம் மூன்றரை லட்சத்தைத் தாண்டி ஏறக்குறைய ஐம்பதாயிரம் அதிகமாக நின்றது. நான் ஆண்டவனை அவ்வளவாகத் தொந்தரவு செய்கிறவன் இல்லை. ஆனால் அந்த எண்ணை மட்டும் கொஞ்சம் மாற்றித் தரக்கூடாதா என்று கேட்டேன்.

சாயங்காலம் டியூஷன் பிள்ளைகள் போனபிறகு மனைவியிடம் பேச உட்கார்ந்தேன். ஹாலில் ஃபிரிட்ஜ், மிக்ஸி, மளிகை டப்பாக்கள், பதினான்கு பெட்டி டைல்ஸ், எல்லாவற்றுக்கும் நடுவில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. நான் தொண்டையைச் செருமினேன்.

"ஏம்மா, சிக்கிம் எங்கயும் ஓடிடப் போறதில்லையே?"

அவள் பேனாவுக்கு மூடி போட்டாள்.

"கடனா வெச்சுக்கோ. புது கொத்தனாரப் போட்டா ரெண்டு வாரத்துல முடிச்சிடுவான். தீபாவளி போனஸ் வந்ததும் உன் அம்பதை வெச்சிடறேன். அடுத்த வருஷம் நாம ரெண்டு பேருமே போகலாம்."

"கொடைக்கானல் மாதிரியா?"

செடிக்குத் தண்ணீர் ஊற்ற எழுந்தேன். "உக்காருங்க," என்றாள். உட்கார்ந்தேன்.

"அவசரம் யாருக்குங்க? கொத்தனார் வருவாரா, வரமாட்டாரா?"

"வருவார். காப்பு அவுத்ததும் வருவார். ஆனா அதுவரைக்கும் சாப்பாடு..."

"சாப்பாட்ட நான் பாத்துக்கறேன். உங்களுக்கு அவசரம் சமையலறைக்கு இல்ல. நீங்க போட்ட கணக்கு தப்பாயிடுச்சுன்னு நாலு பேருக்குத் தெரியறதுக்குள்ள முடிச்சுடணும். அதுக்கு என் அம்பதாயிரம்."

அவள் குரலை உயர்த்தவில்லை. பிள்ளைகளுக்கு விடைத்தாளில் எந்த வரியில் தப்பு என்று காட்டுவாளே, அதே குரல். நான் தரையைப் பார்த்தேன். தரையில் சிமெண்டுத் தூள்.

மறுநாள் காலை நான் வண்டியை எடுக்கும்போது, அவள் போனைக் கொண்டுவந்து என் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். ஐம்பதாயிரத்தையும் தோழியின் கணக்குக்கு அனுப்பியிருந்தாள். டிக்கெட் அன்றைக்கே போடுகிறார்களாம்.

"இனிமே மூணரைதான் இருக்கு. அதுல முடியறது முடியட்டும்," என்றாள்.

மறைமலை நகர் வரைக்கும் தலைக்குள் அந்தக் கணக்கே ஓடும் என்று எதிர்பார்த்தேன். ஓடவில்லை. வண்டலூரைத் தாண்டும்போது என்னவோ லேசாக இருந்தது. அவசரத்துக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் பணம் இருக்கிறது என்று தெரிந்தவரைக்கும்தான் எனக்குத் தூக்கம் இல்லை. அது போனதும் பயப்படுவதற்கு எதுவும் மிச்சம் இல்லை. மிச்சம் என்ற அந்த வார்த்தைக்கு முதல் தடவையாகச் சரியான இடம் கிடைத்தது. சாயங்காலம் ஷீட்டில் மிச்சப் பத்தியை முழுக்க அழித்தேன். கூடவே பிரேக்ஃபாஸ்ட் கவுண்டரும் போனது.

அவள் பின்கட்டில், வாஷிங் மெஷின் மேல் ஒரு பலகையைப் போட்டு மின்சார அடுப்பை வைத்தாள். மெஷின் ஓடும்போது சமைக்கக்கூடாது, சமைக்கும்போது துவைக்கக்கூடாது. ஒரு தடவை மறந்துபோய் நான் மெஷினைப் போட்டுவிட்டேன். ரசம் தானாகவே கலக்கிக்கொண்டது. பாத்திரங்களைத் துணி துவைக்கும் கல்லில் வைத்து நான்தான் தேய்த்தேன். ஓட்டல் செலவு நின்றது. ஆடி ஞாயிறுகளில் தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். வருடா வருடம் காரில் போகும்போது கண்ணாடியை இறக்காமல் கும்பிட்டுவிட்டுப் போகிறவன், இந்த வருடம் தூக்குவாளியோடு வரிசையில் நின்றேன். முருங்கைக்கீரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். மீன்காரம்மா எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா சார், தள்ளுபடி எப்டி கீது?"

"நல்லாருக்கும்மா. இது முழுக்கவே ஃப்ரீ."

அவர் சிரித்த சிரிப்பில் வரிசையே திரும்பிப் பார்த்தது. கொஞ்சம் கருவாடு தருவதாகவும், கூழுக்கு அதைப்போல ஜோடி கிடையாது என்றும் சொன்னார். சொன்னபடியே வந்து கொடுத்தார். அதற்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார்.

ஆடி முடியப்போகிற சமயத்தில் ஒரு காலை கேட்டில் கொத்தனார் நின்றார். மணிக்கட்டில் காப்பு கட்டியிருந்த இடம் மஞ்சளாக இருந்தது. கையில் பிரசாதப் பொட்டலம். நான் கேட்க நினைத்த பத்துக் கேள்வியும் மறந்து, "கால் எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆவல சார். நாலே எட்டு. அந்தாண்ட போயாச்சு." குங்குமத்தை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்தார். "யாரோ தட்டிப் பாத்துருக்காங்க போல?"

"லெவல் இல்லைன்னாங்க."

"இடிக்கறதுக்கு எதுக்கு சார் லெவல்?"

அதன்பிறகு அவரோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

வேலை மெதுவாக, ஆனால் நிற்காமல் நடந்தது. ஒவ்வொருவராக வந்து எதையாவது கூட்டச் சொன்னார்கள். கல் போடுகிறவர் மேடையின் ஓரத்தை இரட்டையாகத் தடித்துக் காட்டலாம் என்றார். எலக்ட்ரீஷியன் அலமாரிக்கு அடியில் வரிசையாக விளக்கு என்றார். தச்சர் மேல் அலமாரிகளுக்குக் கண்ணாடிக் கதவு, அது தானாக மூடிக்கொள்ளும் என்று தன் கையாலேயே மூடிக் காட்டினார். எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன்: "பணம் இல்லைங்க." கொள்முதலில் இருபது வருடமாக இதே வாக்கியத்தைப் பொய்யாகச் சொல்லி வந்திருக்கிறேன். உண்மையாகச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் எவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்கிறார் என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

எதை விடுவது என்று மட்டும் நாங்கள் மூவரும் உட்கார்ந்து பேசினோம். புகைபோக்கி வேண்டாம், சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேன் போதும் என்று மகள் சொன்னாள். சிங்க் மட்டும் எனக்கு வேண்டும், இரண்டு தொட்டி இருந்தால் கழுவினது தனி, கழுவாதது தனி என்று மனைவி சொன்னாள். அந்த ஒரு பொருளை நான் உருப்படியாக வாங்கியிருக்கிறேன் என்று அவள் வாயாலேயே வந்ததை இங்கே பதிவு செய்கிறேன். மீந்துபோன ஆறு பெட்டி டைல்ஸைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினோம். மேல் அலமாரிகளுக்கு இப்போதைக்குக் கதவு வேண்டாம் என்று முடிவானது. எந்த டப்பா எங்கே இருக்கிறது என்று அப்படியே தெரியுமே என்றேன். "உங்களுக்கு இத்தனை வருஷமா கதவு இருந்ததுதான் பிரச்சனையா?" என்றாள் மனைவி.

ஆவணியில் ஒரு நல்ல நாள் பார்த்து, புது மேடையில் பால் காய்ச்சினோம். பொங்குகிற வரைக்கும் மூன்று பேரும் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றோம். கொத்தனாருக்கு ஒரு டம்ளர், தச்சருக்கு ஒரு டம்ளர்.

காலாண்டு விடுமுறை தொடங்கிய காலையில் மீனம்பாக்கத்தில் அவளையும் அவள் தோழிகளையும் இறக்கிவிட்டேன். உள்ளே போகும்முன் அரிசி எங்கே, பருப்பு எங்கே என்று சொல்ல வாயெடுத்தாள். பிறகு அலமாரிக்குக் கதவே இல்லை என்பது ஞாபகம் வந்து, கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாள். நான் ஜி.எஸ்.டி. சாலையில் பீர்க்கன்கரணைக்குத் திரும்பி வந்து, மகளுக்கும் எனக்கும் சாதம் வைத்தேன். தண்ணீர் அதிகமாகிவிட்டது. இருவரும் அதையே சாப்பிட்டோம்.

சமையலறைக்கு மொத்தச் செலவு, ஓட்டல் பார்சல்களையும் சேர்த்து, மூன்று லட்சத்து நாற்பத்தொன்பதாயிரத்துச் சொச்சம். மேல் அலமாரிகளுக்கு இன்னும் கதவு போடவில்லை. அவள் சிக்கிம் போய்ப் பனியைத் தொட்டுவிட்டு, ஜலதோஷத்தோடு திரும்பி வந்தாள்.